ஒப்பிடத்தக்க விற்பனைகள்

பஃபலோவில் மார்ச் என்பது
அழுக்குப் பனியின் மாதம்.
கிளெமென்ட் பியாட்காவின் பத்து வீடுகளை
மதிப்பிட வந்திருக்கிறேன்.
லேசர் அளவுகோல், ஈரமானி,
ஒரு பையில் மாற்றுக் காலுறை.

எச்சில் கையால் ஏரிக்கரைக் கடற்காகத்தையும்
ஓட்டாத மனிதர் என்று ஊரில் பெயர்.
ஜனவரி முதல் தேதி எல்லாக் கதவிலும்
வாடகை உயர்வுக் கடிதம் ஒட்டுவார்,
பசை காயும்வரை நின்று பார்ப்பார்.
எண்பத்திரண்டு வயதில் இப்போது
குழந்தைகள் மருத்துவமனைக்கு,
அதிலும் சுவாசப் பிரிவுக்கு மட்டும்,
எழுதித் தருகிறார்.

வக்கீல் ஹென்ரியட்டா குவாக்கன்புஷ்
படம் வரைந்து விளக்கினாள்:
வீடுகள் அறக்கட்டளைக்குள் போகும்,
அறக்கட்டளை அவற்றை விற்கும்,
உயிருள்ளவரை இவருக்கு ஆண்டுப்படி,
மிச்சம் மருத்துவமனைக்கு.
மிச்சம் என்பதை இருமுறை அடிக்கோடிட்டாள்.
அட்டவணைப்படி இவருக்கு இன்னும்
ஏழு ஆண்டும் சொச்சமும்.
"சொச்சம் எவ்வளவு?" என்றார் பியாட்கா,
வாடகைப் பாக்கி கேட்கிற அதே குரலில்.

காகிதத்தில் இந்த வீடுகள் எப்போதோ செத்துவிட்டன.
இருபத்தேழரை ஆண்டுத் தேய்மானம்:
வருஷத்துக்கு ஒரு துண்டு கூரை, ஒரு துண்டு சுவர்
வரிப் படிவத்தில் உதிர்ந்து உதிர்ந்து
பூஜ்யம்.
உள்ளே போனால் வெங்காயம் வதங்குகிறது.
பூஜ்யத்தின் மேல்மாடியில்
யாரோ பல் தேய்க்கிறார்கள்.

ஒன்பது வீடு ஒரு வாரத்தில் முடிந்தது.
அரை மைலுக்குள் விற்ற மூன்றைப் பக்கத்தில் வைத்து
ஒப்பிட்டு எழுதுவது, அவ்வளவுதான் வேலை.

பத்தாவது, கிப்சன் தெரு.
கீழ்த்தளத்தில் லொரெட்டா டப்ஸ்.
வாடகை மாதம் முன்னூற்று நாற்பது டாலர்.
எழுத்துப் பிழை என்று நினைத்தேன்.
தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஒப்பந்தம்.
அதன் பிறகு ஒரு கடிதமும் காணாத கதவு,
பசைத் தழும்பே இல்லை.
தொலைபேசியில் காரணம் கேட்டேன்.
"மறந்துபோச்சு" என்றார்.

அப்புறம்தான் எண்ணினேன்.
மூன்று அறைக்கு எட்டு அபாய மணிகள்,
மணமில்லாத அந்தக் கரிவாயுவுக்கானவை.
கூடத்தில் மூன்று, சமையலறையில் இரண்டு,
கட்டில் இல்லாத சின்ன அறையில் மூன்று.
பழைய புகைபோக்கியை
செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.
செங்கல்லின் வயது எனக்குத் தெரியும்.
அதுவும் தொண்ணூற்று மூன்று.
நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை,
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

அன்று மாலையே பியாட்கா
பத்தாவதைப் பட்டியலிலிருந்து எடுத்தார்.
"அவளுக்கு எழுதிவிடலாமா, இன்றைக்கே?"
வேண்டாம் என்றாள் வக்கீல்.
இன்று கொடுத்தால் உங்கள் பூஜ்யம் அவள் தலையில் ஏறும்,
விற்கிற நாளில் வரி பிடுங்கும்.
உயிலில் வையுங்கள்,
மரணம் கணக்கைக் கழுவிக் கொடுக்கும்.
கொடுப்பதற்குச் சிறந்த நாள்
நீங்கள் இல்லாத நாள்.

அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.
கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை.
"நல்லதாப் போச்சு" என்றார்.
"கதவைத் திறந்து என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அவளுக்கு."

மறுநாள், விட்டுவந்த கையுறைக்காகத் திரும்பினேன்.
பாட்டரி தீர்ந்த மணி ஒன்று
நிமிஷத்துக்கொரு தரம் கீச்சிட்டது.
லொரெட்டா நாற்காலி மேல் நின்றிருந்தாள்.
"அக்டோபர்தோறும் பாட்டரி கொண்டுவருவான்,
வாசலில் வைத்துவிட்டு ஓடுவான்.
உள்ளே விட்டதில்லை."
பிறகு, திரும்பாமலே:
"அளந்தாயே, வாடகை ஏறுமா?"

நான் அளக்க மட்டும் வந்தவன் என்றேன்.
பழைய பாட்டரியை என்னிடம் நீட்டினாள்,
போகிற வழியில் எறியச் சொல்லி.

காரில் உட்கார்ந்து
நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன்.
முழுக்கத் தீரவில்லை,
லேசாகக் கடித்தது.